பில் பணம் வங்கியிலிருந்து போய்விட்டது, தொலைபேசி நிறுவனத்துக்கு வந்து சேரவில்லை: நடுவில் அது எங்கே இருக்கிறது?

பொன்மலைப் பெண் | நவம்பர் 12, காலை 8:20

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் வேலை செய்கிறேன். என் பெற்றோர் திருச்சி பொன்மலையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஃபைபர் இணைப்பும், இருவருடைய போஸ்ட்பெய்டு எண்களும் ஒரே பில்லில் வருகின்றன. மாதக் கட்டணம் 999 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,178 ரூபாய் 82 காசு. இரண்டு ஆண்டுகளாக இந்தப் பில்லை நான்தான் என் கைப்பேசியில் உள்ள ஒரு யுபிஐ செயலியின் வழியாகக் கட்டி வருகிறேன். இதுவரை ஒரு சிக்கலும் வந்ததில்லை.

இம்மாதம் 4ஆம் தேதி இரவு 9:47க்குப் பணம் கட்டினேன். வழக்கமாகப் பச்சை நிறத்தில் வந்து நிற்கும் அடையாளம் இம்முறை மஞ்சளாகவே நின்று, ‘செயலாக்கத்தில் உள்ளது’ என்று காட்டியது. அடுத்த நொடியே வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக எஸ்.எம்.எஸ். வந்துவிட்டதால், காலையில் சரியாகிவிடும் என்று தூங்கப் போய்விட்டேன். காலையில் எழுந்து பார்த்தால், பில் நிலுவையில் உள்ளது என்று தொலைபேசி நிறுவனத்திடமிருந்து நினைவூட்டல் வந்திருந்தது. கடைசித் தேதியான 6 கடந்தது. 9ஆம் தேதி மாலை இரண்டு எண்களிலிருந்தும் வெளியே அழைக்கும் வசதியை நிறுத்திவிட்டார்கள்.

தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு இதுவரை ஐந்து முறை பேசிவிட்டேன். ஐந்து பேரும் ஒரே பதிலையே சொன்னார்கள்: “எங்களுக்குப் பணம் வரவில்லை, வங்கியைக் கேளுங்கள்.” என் கணக்கும் அப்பாவோடு கூட்டுக் கணக்காகப் பொன்மலைக் கிளையில்தான் இருக்கிறது என்பதால், நேற்று அப்பாவே நேரில் போனார். டோக்கன் வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு, கவுன்டரில் இருந்தவர் கணினித் திரையை அப்பா பக்கம் திருப்பி, ‘சக்ஸஸ்’ என்ற சொல்லைப் பேனா முனையால் தொட்டுக் காட்டி, “எங்கள் பக்கம் முடிந்துவிட்டது ஐயா, கம்பெனியைக் கேளுங்கள்” என்று அனுப்பிவிட்டார். ரயில்வே பணிமனையில் வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்த அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்: “சரக்கு ஏற்றிய ஸ்டேஷனில் வண்டி கிளம்பிவிட்டது என்கிறார்கள், இறக்க வேண்டிய ஸ்டேஷனில் வண்டியே வரவில்லை என்கிறார்கள். அப்படியானால் வேகன் எந்த லைனில் நிற்கிறது?” எனக்குப் பதில் தெரியவில்லை.

என் கேள்விகள் மூன்று. புகாரை யாரிடம் கொடுப்பது? பணம் திரும்பும் வரை காத்திருப்பதா, அல்லது இன்னொரு முறை கட்டிவிடுவதா? இந்த அலைச்சலுக்கு இழப்பீடு என்று ஏதேனும் உண்டா? அப்பாவின் எண்ணில்தான் வங்கி, ஓய்வூதியம், எரிவாயு எல்லாமே இணைந்திருக்கின்றன. நவம்பர் மாதம் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாதம் என்பதால், அந்த எண் முழுவதும் நின்றுவிட்டால் என்ன ஆகுமோ என்ற கவலை பணத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

பேரேடு | நவம்பர் 12, முற்பகல் 10:05

அம்மா, நான் ஒரு பொதுத்துறை வங்கியில் பணியாற்றி, கடைசி ஆறு ஆண்டுகள் கணக்கு ஒத்திசைவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தந்தையார் கேட்டதுதான் சரியான கேள்வி. கிளையில் இருந்தவர் அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

யுபிஐ செயலியில் பில் கட்டும்போது நமக்கு ஒரே ஒரு பொத்தானை அழுத்துவதாகத்தான் தெரிகிறது. உள்ளே இரண்டு தனித்தனிப் பயணங்கள் நடக்கின்றன. முதல் பயணத்தில், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் யுபிஐ வழியாக அந்தச் செயலியின் சார்பில் பில் பணத்தைத் திரட்டும் அமைப்பின் கணக்குக்குப் போகிறது. இரண்டாவது பயணத்தில், அந்த அமைப்பு ‘இன்ன வாடிக்கையாளருடைய இன்ன பில்லுக்கு இவ்வளவு’ என்ற தகவலைப் பாரத் பில் பேமென்ட் சிஸ்டம் எனும் பொது வலைப்பின்னல் வழியாகத் தொலைபேசி நிறுவனத்தின் தரப்பில் உள்ள அமைப்புக்கு அனுப்புகிறது. ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில், யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் 2016இல் சோதனை முறையில் தொடங்கி, 2021 ஏப்ரல் முதல் தன் துணை நிறுவனத்திடம் ஒப்படைத்த வலைப்பின்னல் அது. 2024இல் அதற்குப் ‘பாரத் கனெக்ட்’ என்று பெயர் மாற்றினார்கள். உங்கள் ரசீதுகளில் அந்தப் பெயரும் சின்னமும் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் முதல் பயணம் முடிந்திருக்கிறது, இரண்டாவது பயணம் முடியவில்லை என்றே தோன்றுகிறது. அதனால்தான் வங்கி ‘வெற்றி’ என்கிறது, தொலைபேசி நிறுவனம் ‘வரவில்லை’ என்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. பணம் இவர்கள் இருவரிடமும் இல்லாமல், நீங்கள் பெயரே கேட்டிராத மூன்றாவது ஒருவரிடம் நிற்கிறது. அவரிடம்தான் நீங்கள் இன்னும் பேசவில்லை.

இதை நீங்களே சரிபார்க்கலாம். வங்கியின் கணக்கறிக்கையைத் திறந்து 4ஆம் தேதி வரியைப் படியுங்கள். அங்கே தொலைபேசி நிறுவனத்தின் பெயர் இருக்காது. பெரும்பாலும் செயலியின் பெயரோ வேறொரு கட்டணத் திரட்டு நிறுவனத்தின் பெயரோ இருக்கும். பக்கத்திலேயே பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அது முதல் பயணத்தின் சீட்டு. செயலிக்குள் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால், எழுத்துகளும் எண்களும் கலந்த இன்னொரு குறிப்பு எண் தெரியும். அது இரண்டாவது பயணத்தின் சீட்டு. வங்கியிடம் இரண்டாவது எண்ணைச் சொன்னாலோ, தொலைபேசி நிறுவனத்திடம் முதல் எண்ணைச் சொன்னாலோ, அவர்கள் கணினியில் ஒன்றும் கிடைக்காது; ‘இப்படி ஒரு எண்ணே இல்லை’ என்ற பதில்தான் வரும். நான் வேலையில் இருந்த காலத்தில் வந்த புகார்க் கடிதங்களில் பாதிக்கு மேல் எண் மாறிக் கிடந்தவைதாம்.

புகாரைச் செயலியின் உள்ளே, அந்தக் குறிப்பிட்ட பரிவர்த்தனையின் கீழ் உள்ள புகார்ப் பகுதியிலேயே பதிவு செய்யுங்கள். பாரத் கனெக்ட் அமைப்பில் இரு தரப்பும் ஒரே மையப் புகார் முறைக்குள் இணைந்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரி 29 அன்று வெளியிட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தலைமை வழிகாட்டு உத்தரவின் நிபந்தனை. வங்கி அல்லாத நிறுவனம் இந்தப் பில் பணத்தை, சொந்தச் செலவுக்கு எடுக்க முடியாத ‘எஸ்க்ரோ’ கணக்கு ஒன்றில் தனியாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே உங்கள் 1,178 ரூபாய் யாருடைய வியாபார முதலிலும் கலந்துவிடவில்லை. பக்கத்து லைனில் ஓரங்கட்டி நிற்கும் வேகன்தான் அது.

இழப்பீட்டைப் பற்றி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யுபிஐ வழியாக வணிகருக்குப் பணம் செலுத்தும்போது கணக்கில் பணம் கழிந்து, வணிகரிடம் உறுதிப்படுத்தல் போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 100 ரூபாய் தர வேண்டும். வாடிக்கையாளர் கேட்கும் வரை காத்திராமல், தாமாகவே தர வேண்டும் என்றும் அந்தச் சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறார்கள். 4ஆம் தேதிப் பரிவர்த்தனைக்கு 9ஆம் தேதியோடு அந்த ஐந்து நாள் முடிந்தது. 10ஆம் தேதியிலிருந்து கணக்கு ஓடுகிறது.

மறுபடி கட்டுவதைப் பற்றி என் கருத்து: இன்னும் இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். முதல் பணம் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, இரண்டாவது பணமும் சேர்ந்துவிட்டால், பிறகு திருப்பி வாங்குவது தனி வேலை.

பழைய பில்லிங் | நவம்பர் 12, பிற்பகல் 1:40

பேரேடு ஐயா சொன்ன கடைசிப் பத்தியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நான் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். இன்றே, இந்த மாலைக்குள், மறுபடி கட்டிவிடுங்கள்.

காரணம் இதுதான். போஸ்ட்பெய்டு எண்ணை நிறுத்துவது படிப்படியாக நடக்கும். முதலில் வெளியே போகும் அழைப்புகள் நிற்கும். அதன் பிறகும் உள்ளே வரும் அழைப்புகளும் எஸ்.எம்.எஸ்ஸும் சில நாள்கள் வந்துகொண்டிருக்கும் என்பதால் ஓடிபி கிடைக்கும். ஆகவே இப்போது ஆயுள் சான்றிதழ் வேலைக்கு இடையூறு இல்லை. அடுத்த படியில் உள்வரவும் நிற்கும். அந்தப் படி எந்த நாளில் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. வாடிக்கையாளரின் பழைய கட்டண வரலாற்றைப் பொறுத்தும் மாறுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் தந்தையார் இப்போது கைப்பேசியை மாற்றினாலோ, யுபிஐ செயலியைப் புதிதாகப் பதிவு செய்தாலோ, அந்த எண்ணிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். வெளியே போக வேண்டும். வெளிச்செல்லும் வசதி நின்றிருக்கும்போது அது நடக்காது.

இரண்டு முறை கட்டினால் பணம் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். போகாது. முதல் பணமும் வந்து சேர்ந்தால், அது உங்கள் கணக்கில் முன்பணமாக நின்று அடுத்த மாதப் பில்லில் கழிந்துவிடும். ஓய்வூதியர் எண் நிற்பதால் வரும் தொல்லைக்கு முன்னால், 1,178 ரூபாய் ஒரு மாதம் முன்கூட்டியே போய் நிற்பது பெரிதல்ல. ஆனால் இம்முறை அதே செயலியில் கட்டாதீர்கள்; நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ, கடையிலோ கட்டி ரசீது வாங்குங்கள். தடை நீங்குவதற்குச் சில மணி நேரம் ஆகலாம்.

வாடிக்கையாளர் சேவையில் ஐந்து முறை பேசியதாகச் சொன்னீர்கள். ஐந்தில் ஒரு முறையாவது புகார் எண் வந்ததா? பேசியது எல்லாம் ‘விசாரணை’ என்ற கணக்கில் போய்விடும். ‘புகார்’ என்று பதிவானால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் வெளியிட்ட குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் கொடுத்து அதை எஸ்.எம்.எஸ். வழியாகத் தெரிவிக்க வேண்டும். அதற்கு வந்த தீர்வு சரியில்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணம் ஏதுமின்றி முறையிடலாம். 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேராக எழுதுகிறேன் என்று பலர் கிளம்புகிறார்கள். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. கடிதத்தை நிறுவனத்துக்கே திருப்பிவிடும்.

ஒரு வேலையை இன்றே செய்யுங்கள். பணம் வேறொரு கணக்கு எண்ணில் விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே பில்லில் மூன்று இணைப்புகள் இருந்தால், கைப்பேசி எண், ஃபைபர் பயனர் எண், குடும்பக் கணக்கு எண் என்று மூன்று எண்கள் இருக்கும். தவறான எண்ணில் வந்த பணத்தை, யாருடையது என்று தெரியாத நிலையில், அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்பது வழக்கம். யாராவது வந்து கேட்டால்தான் அது வெளியே வரும். நான் பார்த்த வேலையே ஏறக்குறைய அந்த அனாமத்துக் கணக்கைக் கரைப்பதுதான். மாதம் முடியும்போது அதில் நிற்கும் வரிகளைப் பார்த்தால், பெயர் தெரியாத மனிதர்கள் பேருந்து நிலையத்தில் மறந்துவிட்டுப் போன பைகளைப் பார்ப்பது போலிருக்கும்.

தெற்கு வீதி | நவம்பர் 12, பிற்பகல் 2:15

இடையில் ஓர் எச்சரிக்கை மட்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுத்துவிடாதீர்கள். பில்லின் பின்பக்கத்தில் அச்சாகியுள்ள எண்ணையும், செயலிக்குள் உள்ள எண்ணையும் மட்டும் பயன்படுத்துங்கள். சென்ற ஆண்டு என் மாமா இதே போன்ற ஒரு சிக்கலில், தேடலில் முதலில் வந்த எண்ணுக்குப் பேசினார். பணத்தைத் திருப்பி அனுப்புவதற்கு என்று சொல்லி, அவருடைய கைப்பேசித் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் ஒரு செயலியை நிறுவ வைத்தார்கள். பத்து நிமிடத்தில் 38,000 ரூபாய் போனது. பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை என்பது அவருக்கும் தெரியும், பதற்றத்தில் மறந்துவிட்டார். அப்படி ஏதாவது நடந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

பொன்மலைப் பெண் | நவம்பர் 12, இரவு 9:30

மூவருக்கும் நன்றி. பழைய பில்லிங் ஐயா சொன்னபடி அப்பா மாலையே நிறுவனத்தின் கடைக்குப் போய்ப் பணமாகக் கட்டிவிட்டார். இரவு எட்டரை மணிக்கு எனக்கு அவரிடமிருந்தே அழைப்பு வந்தது.

பேரேடு ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. கணக்கறிக்கையின் 4ஆம் தேதி வரியில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் அதே பெயர்தான் இருந்திருக்கிறது; நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. செயலிக்குள் புகாரும் பதிவு செய்துவிட்டேன். பரிவர்த்தனையின் கீழே, கண்ணுக்கு எளிதில் படாத சாம்பல் நிறத்தில், ‘உதவி’ என்ற சொல்லுக்குள் மூன்று அடுக்கு தள்ளி அந்தப் புகார்ப் பகுதி இருந்தது. அனாமத்தில் எதுவும் இல்லை என்று தொலைபேசி நிறுவனம் சொல்லிவிட்டது. இம்முறை புகார் எண் கேட்டு வாங்கினேன். கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

மூன்றாவது மாடி | நவம்பர் 13, காலை 7:10

நான் இதே பாதையில் நுகர்வோர் ஆணையம் வரை போய் வந்தவன் என்பதால் சில விஷயங்களைச் சேர்க்கிறேன். பேரேடு ஐயா சொன்ன 100 ரூபாய் இழப்பீட்டை அவ்வளவு உறுதியாக நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் அனுபவம். வங்கி என்ன சொல்லும் தெரியுமா? ‘யுபிஐ பரிவர்த்தனை தோல்வியடையவில்லை, வணிகரான திரட்டு நிறுவனத்துக்குப் பணமும் உறுதிப்படுத்தலும் போய்ச் சேர்ந்துவிட்டன, சுற்றறிக்கை தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே பொருந்தும்’ என்று சொல்லும். திரட்டு நிறுவனமோ, ‘நாங்கள் வங்கி இல்லை’ என்று ஒதுங்கப் பார்க்கும். சுற்றறிக்கையின் நோக்கம் வாடிக்கையாளர் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் வணிகர் என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்பதில் அவர்கள் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. எனவே கேளுங்கள், எழுத்திலேயே கேளுங்கள். ஆனால் அசல் தொகை திரும்பும் வேலையை இந்த வாதத்தோடு பிணைத்துவிடாதீர்கள்.

மேலே போவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. எந்த வழி என்பதைப் பணம் நிற்கும் இடம்தான் முடிவு செய்கிறது. பணம் வங்கியிடமோ திரட்டு நிறுவனத்திடமோ நின்றால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் இருக்கிறது. 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய திட்டம் அது. அதற்கு முன் வங்கிக்கு ஒன்று, வங்கி அல்லாத நிதி நிறுவனத்துக்கு ஒன்று, டிஜிட்டல் பரிவர்த்தனைக்கு ஒன்று என்று மூன்று தனித் திட்டங்கள் இருந்தன. எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலேயே பாதிப் பேர் களைத்துப் போனார்கள். இப்போது ஒரே இணையதளத்தில் கொடுத்தால் போதும். கட்டணமும் வழக்கறிஞரும் தேவையில்லை. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள்கள் பதில் வராமலோ, வந்த பதிலில் நிறைவில்லாமலோ இருக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகப் போனால், நியாயம் முழுவதும் உங்கள் பக்கம் இருந்தாலும் மனு தள்ளுபடியாகும். என் முதல் மனு அப்படித்தான் திரும்பி வந்தது.

பணம் தொலைபேசி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்து, அவர்கள் வரவு வைக்கவில்லை என்றால், ரிசர்வ் வங்கி அதைத் தொடாது. அப்போது மேல்முறையீட்டு அதிகாரி, அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். இந்த இடத்தில் ஒரு பழைய குழப்பம் உண்டு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவின்படி தொலைபேசித் தகராறுகள் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதைக் காட்டியே பல ஆண்டுகள் மனுக்களைத் திருப்பினார்கள். 2022 பிப்ரவரியில், ஒரு தனியார் கைப்பேசி நிறுவனம் தொடர்பான வழக்கில், நுகர்வோர் மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. இன்னும் யாராவது உங்களிடம் 7பி என்று பேசினால், 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனாலும் 1,178 ரூபாய்க்காக ஆணையம் இருக்கும் அந்த மூன்றாவது மாடிக்குப் படியேற வேண்டாம் என்றே சொல்வேன். நான் ஏறியது 14,000 ரூபாய்க்கு. பதினான்கு மாதங்கள் ஆயிற்று. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள். பெரிய நிறுவனங்கள் பல அதற்குப் பதில் சொல்லிவிடுகின்றன.

பேரேடு | நவம்பர் 13, காலை 9:25

மூன்றாவது மாடி நண்பர் சொல்வது சரி. வங்கியில் இருந்த பழக்கத்தில், சுற்றறிக்கையில் உள்ளது எல்லாம் அப்படியே நடக்கும் என்று எழுதிவிட்டேன். மறுபடி கட்டும் விஷயத்திலும் பழைய பில்லிங் நண்பர் சொன்னதே பொருத்தமாக இருந்திருக்கிறது; ஓடிபி என்ற ஒன்று இல்லாத காலத்தில் வேலை கற்றவன் நான், பணத்தை மட்டும் பார்த்துவிட்டேன்.

ஒரு கேள்வி எல்லோருக்கும் தோன்றியிருக்கும்: தானியங்கிக் கட்டண முறைக்குப் போய்விட்டால் என்ன? போகலாம். ரிசர்வ் வங்கியின் 2021 அக்டோபர் விதிகளின்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். வேண்டாமென்றால் நீங்கள் நிறுத்திவிடலாம். அப்போது 5,000 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 2022 ஜூனில் 15,000 ஆக உயர்த்தினார்கள்; அதற்குள் அடங்கும் தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. அதில் நிறுவனமே வந்து பணத்தை எடுத்துக்கொள்வதால், நடுவில் நிற்கும் லைன் ஒன்று குறைகிறது. ஆனால் பில் தவறாக வந்தால், தவறான தொகையும் அதே வேகத்தில் போய்விடும். அந்த 24 மணி நேர அறிவிப்பைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன்.

பொன்மலைப் பெண் | நவம்பர் 19, இரவு 8:50

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 14ஆம் தேதி பிற்பகல் 1,178 ரூபாய் 82 காசு என் கணக்கில் திரும்ப வரவாகியிருக்கிறது. செயலியில் இருந்த மஞ்சள் அடையாளம் சிவப்பாகி, ‘பில்லருக்குச் செலுத்த இயலவில்லை, தொகை திருப்பப்பட்டது’ என்று மாறியது. அனுப்பியவர் பெயர் அந்த மூன்றாவது நிறுவனம்தான். வேகன் பத்து நாள்கள் அங்கேதான் நின்றிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். “டெமரேஜ் யார் கட்டுவது?” என்று கேட்டார். வேகன் கூடுதல் நேரம் நின்றால் ரயில்வே வாங்கும் தாமதக் கட்டணம் அது.

இழப்பீட்டுக்குச் செயலி, வங்கி இருவருக்கும் மின்னஞ்சல் எழுதினேன். 10ஆம் தேதி முதல் 14 வரை ஐந்து நாள்களுக்கு 500 ரூபாய் என்று கணக்குப் போட்டு, சுற்றறிக்கையின் தேதியையும் குறிப்பிட்டேன். மூன்றாவது மாடி ஐயா எழுதியிருந்த அதே பதில், ஏறக்குறைய அதே சொற்களில், வங்கியிடமிருந்து வந்திருக்கிறது. செயலியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. 30 நாள் முடியட்டும் என்று தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது புதிதாக ஒன்று. இன்று வந்த அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் 100 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி. 18 ரூபாயும் சேர்த்திருக்கிறார்கள். கடைசித் தேதிக்கு முன்பே கட்ட முயன்றேன் என்பதற்கு என்னிடம் வங்கியின் எஸ்.எம்.எஸ். இருக்கிறது. இதை எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா, அல்லது சட்டப்படி அது அவர்கள் தவறில்லை என்பதால் விட்டுவிடுவதா?

பழைய பில்லிங் | நவம்பர் 20, காலை 6:55

கேளுங்கள். அவர்கள் தவறில்லைதான், ஆனால் இதுபோன்ற தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பெரும்பாலும் தொலைபேசியில் பேசும் ஊழியருக்கே, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை என்ற அளவில், கொடுக்கப்பட்டிருக்கும். ‘பணம் கட்டினேன், வரவில்லை’ என்று மறுபடி தொடங்கினால் அவர் பழைய கதை என்று வங்கியைக் காட்டிவிடுவார். பழைய புகார் எண்ணை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, ‘தாமதக் கட்டணத் தள்ளுபடி’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். அவர் திரையில் அந்தப் பெயரில்தான் ஒரு பொத்தான் இருக்கும். வரியும் சேர்த்து 118 ரூபாய்க்கும் வரவு வைத்தார்களா என்று அடுத்த பில்லில் பாருங்கள். 100க்கு மட்டும் வரவு வைத்துவிட்டு, 18 ரூபாயை அப்படியே விட்டுவிடுவது நான் வேலையில் இருந்தபோதே அடிக்கடி நடந்ததுண்டு.